வாசனை வருதா, பாரு

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியது, "இந்த ரசம் ஊசிப்போச்சா, கொஞ்சம் பாரேன்" என்பதுதான்.

அலுவலகக் கேன்டீனில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க வந்தவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகர்ந்து பார்த்தேன். லேசாகப் புளித்திருந்தது. முன்பின் தெரியாதவரின் சாப்பாட்டைக் கெட்டுப்போனது என்று எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் தயங்கினேன்.

"லேசா புளிச்ச வாடை வருதுக்கா."

"ஹௌதா" என்றார். டப்பாவை மூடி ஒதுக்கி வைத்துவிட்டுச் சோற்றில் தயிரைப் பிசைந்தார். "தயிர் சரியா இருக்கு. காலையிலேயே பக்கத்து வீட்டுல காட்டிட்டுதான் எடுத்து வந்தேன்."

'அப்படியா' என்று நாம் சொல்கிற இடத்திலெல்லாம் அவர் கன்னடத்தில் 'ஹௌதா' என்பார். லிங்கராஜபுரத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் ஆனவர். நல்ல செய்தி, கெட்ட செய்தி எதுவானாலும் அவரிடமிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். குரல் ஏறாது, இறங்காது.

எங்கள் அலுவலகம் பொம்மசந்திராவைத் தாண்டி, ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருந்தது. வண்டிகளை வடிவமைக்கிற இடம். கதவு, கண்ணாடி ஓரங்களில் தண்ணீரும் தூசியும் நுழையாமல் அடைக்கிற ரப்பர் பட்டைகளின் தரம் பார்ப்பது என் வேலை. நான் ஆம்பூரிலிருந்து வந்தவள். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், பின்கதவுக்குப் பொறுப்பான பொறியாளர். மலைப்பாதையிலும் மண்பாதையிலும் ஓட்டுவதற்கென்று ஒரு பெரிய வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியை மட்டும் தனியாகத் திறக்கிற மாதிரி செய்ய வேண்டும். நான் அவரை அறிந்த காலம் முழுவதும் அவர் செய்துகொண்டிருந்தது அந்த ஒரு வேலையைத்தான்.

கேட்கச் சின்ன விஷயம். அந்த வண்டியின் பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும், கதவு பக்கவாட்டில் திறக்கும். பின்னால் ஒரு சுவரோ இன்னொரு காரோ ஒட்டி நின்றால் திறக்கவே முடியாது. உள்ளே இருக்கும் பையை எடுக்க வண்டியையே நகர்த்த வேண்டும். அதனால் கண்ணாடிக்கு மேல்பக்கம் கீல் வைத்து, அதை மட்டும் தூக்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்றார்கள். அவர் ஹாலின் மூலையில் பிளைவுட்டில் ஒரு பின்கதவு செய்து நிறுத்தி, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுத் திறந்து மூடச் சொல்வார். கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மாவைக்கூட விடவில்லை. அந்த அம்மா குள்ளம். எக்கிப் பார்த்தும் தூக்கிய கண்ணாடி கைக்கு எட்டவில்லை.

"நம்மகிட்ட ஏன் மேடம் இதெல்லாம்? நாம இன்னா கார் வாங்கவா போறோம்?"

"வாங்கறவங்க வீட்டுலயும் குள்ளமா யாராச்சும் இருப்பாங்கல்ல" என்றார். மறுநாள் கண்ணாடியின் ஓரத்தில் இழுத்து மூட ஒரு வார்ப் பட்டை தொங்கியது.

அவருக்கு வாசனை தெரியாது என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதை மறைக்கவுமில்லை, அதை வைத்து இரக்கம் தேடவுமில்லை. கண்ணாடி போடாமல் படிக்க முடியாதவர், "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பது மாதிரி, பாலையும் பழத்தையும் மழையில் நனைந்த துப்பட்டாவையும் நீட்டி, "வாசனை வருதா, பாரு" என்பார்.

அது எப்படிப் போனது என்று ஒருநாள் அலுவலகப் பேருந்தில் அவராகவே சொன்னார். கொரோனா இரண்டாவது அலையில் அவருக்கும் கணவருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஒரே ஆம்புலன்ஸில் போய், வேறு வேறு வார்டில் படுத்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து போனோம். நான் மட்டும் ஆட்டோ பிடிச்சு வந்தேன்" என்றார். ஜன்னல் வழியாகப் பாலத்தின் தூண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆட்டோக்காரர் நான் ஏறினதும் சீட்டு, என் கை எல்லாத்துலயும் சானிடைசர் அடிச்சார். ஒரு வாசனையும் வரல. இந்தாளு தண்ணி கலந்துட்டார் போலன்னு நெனச்சேன். வீடு வர்ற வரைக்கும் அதையேதான் நெனச்சிட்டு வந்தேன். அவர் போயிட்டார்ங்கறத நெனைக்கல."

அவர் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஏறியவருக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவர் திரும்ப வேலைக்கு வந்த நாளைப் பற்றி மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எப்படிப் பேசுவது, என்ன சொல்வது என்று எல்லாரும் தயங்கி நிற்க, அவர் பையை வைத்துவிட்டு, "கீல் சாம்பிள் வந்துச்சா?" என்று கேட்டாராம். பக்கத்து மேஜைப் பெண் அழுதுவிட்டாள். அவர்தான் போய் அவளுக்குத் தண்ணீர் பிடித்து வந்திருக்கிறார். சிலர் கல்மனசு என்றார்கள். அவர் காதிலும் அது விழுந்திருந்தது.

"அழுகை வந்தா அழ மாட்டேனா? வரல" என்றார் என்னிடம். "காக்ஸ் டவுன் மாதா கோவில்ல அவருக்கு வருஷப் பூசை வெச்சப்ப எல்லாரும் கண்ணைத் துடைச்சாங்க. நானும் துடைச்சேன். அது சாம்பிராணிப் புகை. புகை கண்ணுக்குத் தெரியுது, மூக்குக்குத்தான் தெரியல."

இப்படி அவர் சொல்கிறபோது சிரிப்பதா வேண்டாமா என்று நமக்குத் தெரியாது. ஒருமுறை வீட்டில் அடுப்புத் திருகியைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டு, பக்கத்து அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, "அக்கா! கேஸ் வாசனெ பர்த்தா இதெ!" என்று கதவைப் படபடவென்று தட்டி, உள்ளே ஓடி வந்து ஜன்னல்களைத் திறந்திருக்கிறார். அடுத்த நாள் கேன்டீனில் இதைச் சொல்லிவிட்டு, "அவங்க இல்லன்னா இன்னிக்கு நீங்கல்லாம் என் அடக்கத்துக்குக் கோவிலுக்கு வந்திருப்பீங்க. ஊறுகாயை இப்படித் தள்ளு" என்றார். அந்த வாரமே சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மின்சார அடுப்பு வாங்கினார்.

என்னையே ஏன் எப்போதும் கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்தவங்க நல்லா இருக்குன்னு சொல்லிடறாங்க. என் மனசு கஷ்டப்படக் கூடாதாம். அந்தச் சோத்தைத் தின்னுட்டு ராத்திரியெல்லாம் வயிறு வலிக்குது. நீ முதல் நாளே புளிச்சிருக்குன்னு சொன்னே. எனக்கு அது போதும். சும்னே, சும்மா எனக்காக, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாத."

ஒரு காலையில் மட்டும் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. என் மேஜைக்கு வேகமாக வந்து, "காபியில டயர் எரியற வாசனை வருது" என்றார். கண்கள் அகலமாக இருந்தன. சோப்பு, வெங்காயம், மல்லிகைப்பூ எல்லாவற்றிலும் அதே கருகல் நாற்றம். இப்படித்தான் சிலருக்குத் திரும்ப வரும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். சாப்பிட முடியாமல் ஓங்கரித்துக்கொண்டே, அந்த நாட்களில் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தபடி திரிந்தார். எங்கள் ரப்பர் பட்டையைக்கூட எடுத்து முகர்ந்தார். "இதுக்கு மட்டும் அதே வாசனைதான் இருக்கணும்" என்றார். பிறகு அந்த நாற்றமும் போய்விட்டது. போனது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. மறுபடி டப்பாவை நீட்டியபோதுதான் தெரிந்தது.

சோதனை ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கண்ணாடியை வண்டி ஓடும்போதும் திறந்து வைக்க முடிய வேண்டும் என்பது விற்பனைக்காரர்களின் ஆசை. காட்டுக்குள் போகும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் காற்று வாங்கலாம், படம் எடுக்கலாம். விளம்பரத்துக்கு அது நன்றாக இருக்கும். இவருக்கு அதில் ஒரு சந்தேகம். பேருந்து போனதும் பின்னால் கிடக்கிற காகிதமும் சருகும் எழும்பி அதையே துரத்துமே, அது மாதிரி எந்த வண்டிக்குப் பின்னாலும் காற்று சுழலும். திறந்த கண்ணாடி வழியாகத் தூசியை இழுக்கும். புகைக்குழாயும் அங்கேதான் இருக்கிறது.

ஆனேக்கல் பக்கம் ஒரு செம்மண் பாதையில் மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ஓட்டுநர் பக்கத்தில் திட்டத் தலைவர், கோயம்புத்தூர்க்காரர். நடு இருக்கையில் நானும் அவரும். மற்ற ஜன்னல்களை அடைத்து, பின்கண்ணாடியை மட்டும் தூக்கி வைத்திருந்தோம். புகையில் இருக்கும் விஷவாயுவை அளந்து, அளவு மிஞ்சினால் கூவுகிற சின்ன மீட்டர் தலைவர் கையில் இருந்தது. நாங்கள் விரித்திருந்த வெள்ளைத் துணி முதல் சுற்றிலேயே செங்கல் நிறமாகிவிட்டது. அதை எல்லாரும் எதிர்பார்த்ததுதான்.

"புகை வாசனை வருதா?" என்று அவர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் தலைவர். ஓட்டுநர் பக்கத்திலிருந்த தலைவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இல்ல மேடம்" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"வருதுக்கா" என்றேன். "லேசா, தொண்டையில."

"முன்னால ஏதாச்சும் லாரி போயிருக்கும்ங்க" என்றார் தலைவர். "மீட்டர் சரியாத்தான் காட்டுது, பாருங்க." அந்தப் பாதையில் காலையிலிருந்து எங்கள் வண்டியைத் தவிர வேறு எதுவும் போகவில்லை.

அவர் வாதாடவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பின்கதவைத் திறந்து பின்னாலேயே ஏறிக்கொண்டார். சாமான் வைக்கிற இடத்தில் எதிரெதிராக இரண்டு மடக்கு இருக்கைகள் உண்டு. குழந்தைகள் சண்டை போட்டு உட்காருகிற இடம். அதில் ஒன்றில் உட்கார்ந்து, "இன்னொரு சுத்து போங்க. அந்த மேட்டுல மெதுவா ஏறுங்க" என்றார்.

அந்தச் சுற்று முழுவதும் கல்லும் மேடுமாக வண்டி கடகடத்தது. பின்னாலிருந்து எந்தச் சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை. புறப்பட்ட இடத்துக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகுதான் மீட்டர் விடாமல் கூவிக்கொண்டிருப்பது கேட்டது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் செம்மண். உதடுகள் வெளுத்திருந்தன. இறக்கிவிட்டேன். புங்க மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தார். வாய் கொப்பளித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் மரத்தில் சாய்ந்திருந்தார்.

"சத்தம் வந்ததும் கண்ணாடியை இழுத்து மூடியிருக்கலாமேக்கா? கத்தியிருக்கலாமே?"

"சுத்து முடியணும்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பயமாகவும் இருந்தது. அந்த மீட்டரின் கூவலை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் அத்தனை அமைதியாக உட்கார்ந்திருக்க முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. போகிற வழியில் மருத்துவமனையில் காட்டினோம். ஆக்ஸிஜன் வைத்து, ஒன்றுமில்லை என்று மாலையில் அனுப்பிவிட்டார்கள். முகமூடிக் குழாயைக் கழற்றும்போது அவர் கேட்டது, "மீட்டரை யார் வெச்சிருக்காங்க?" என்பது.

வண்டி நிற்கும்போது மட்டுமே கண்ணாடி திறக்க வேண்டும், நகர ஆரம்பித்தால் வண்டி அதை அனுமதிக்கக் கூடாது என்று அவர் கூட்டத்தில் சொன்னார். விளம்பரப் படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அதில் வண்டி மூங்கில் காட்டுக்குள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

"ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாமுங்க" என்றார் தலைவர். "ஓடும்போது திறக்காதீர்கள்னு. எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க."

"ஸ்டிக்கரைப் பின்னாடி ஒட்டுவீங்க. ஓட்டறவர் முன்னாடி உக்காந்திருப்பார்."

"புகை வந்தா வாசனை தெரியாதுங்களா? மூடிக்க மாட்டாங்களா?"

அறையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே உறைத்து முகம் சிவந்தது.

"புகைக்குத்தான் சார் வாசனை. அதுல இருக்கற விஷவாயுவுக்குக் கிடையாது" என்றார் அவர், அதே குரலில். "அந்த விஷயத்துல நீங்க எல்லாரும் என்னை மாதிரிதான்."

இருந்தாலும் ஸ்டிக்கர் போதும் என்றே கூட்டம் முடிந்தது. சட்டப் பிரிவு மீட்டர் அளவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, வழக்கு வந்தால் ஸ்டிக்கர் நிற்காது என்று எழுதிய பிறகுதான் முடிவு மாறியது. விளம்பரத்தைத் திரும்ப எடுத்தார்கள். வண்டி வெளிவருவது தள்ளிப்போனது. அவர் மீது பலருக்கு வருத்தம். பாராட்டு என்று யாரும் எதுவும் சொன்னதாக நினைவில்லை. அவரும் அதைத் தேடவில்லை.

வண்டி இப்போது சாலையில் ஓடுகிறது. வந்த கொஞ்ச நாளிலேயே எவனோ ஒருவன் இணையத்தில் ஒரு வீடியோ போட்டான். பின்கதவின் உள்பலகையைக் கழற்றி, ஒரே ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டால் ஓடும்போதும் கண்ணாடி திறக்கும் என்று சிரித்துக்கொண்டே செய்து காட்டினான். அவரிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தார்.

"அந்த ஒயரை இன்னும் உள்ளே தள்ளி வெச்சிருக்கணும்" என்றார். போனைத் திருப்பித் தந்துவிட்டு டீ வாங்கப் போனார்.

அடுத்த வண்டியிலிருந்து அதை உள்ளே தள்ளி வைத்தார்கள். வரைபடத்தை மாற்றிக் கொடுத்தது அவர்தான். அதுதான் அவர் அங்கே செய்த கடைசி வேலை. பிறகு ராஜினாமா செய்தார். வேலூரில் இருக்கும் தங்கையோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "வீட்டுக்காரர் வீட்டை இடிச்சுக் கட்டப்போறாராம்" என்றார். லிங்கராஜபுரத்தில் வேறு வீடா கிடைக்காது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வீட்டைக் காலி செய்கிற அன்று உதவிக்குப் போயிருந்தேன். நான் அந்த வீட்டுக்குள் போனது அன்றுதான். பெரிய சாமான்களை லாரிக்காரர்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளிர்நீலச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் போட்டிருந்தார். துவைக்கல" என்றார். "வாசனை வருதா, பாரு."

நான் கையை நீட்டவில்லை.

"வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. அவரைத் தெரிஞ்சவங்க எல்லாரும் வருதுன்னுதான் சொல்லுவாங்க. நீ அவரைப் பார்த்ததே இல்ல. உள்ளதைச் சொல்லு."

வாங்கி முகர்ந்தேன். மார்புப் பக்கம், கைப் பக்கம், கடைசியாகக் காலர். அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூச்சி உருண்டை வாசனை."

"அப்புறம்?"

"காலர்ல கொஞ்சம் தேங்காய் எண்ணெய். தலையோட சிக்கு வாடை."

இதைச் சொன்னதும் எனக்கே நிம்மதியாக இருந்தது. ஒரு மனித வாசனை அதில் இருக்கிறதே, சொல்வதற்கு எனக்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று. அவர் சட்டையை வாங்கி, காலரை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவர் தலைக்கு எண்ணெயே வைக்க மாட்டார்" என்றார். "அது என்னுது. தலையணை மேல போட்டுப் படுப்பேன்."

வெளியே பீரோவைப் படியில் இறக்குகிற சத்தம் கேட்டது. யாரோ "பத்ரம், பத்ரம்" என்று கத்தினார்கள்.

"வேற ஒண்ணும் இல்லையா?"

இன்னொரு முறை முகர்ந்து பார்க்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் நான் ஏற்கெனவே நன்றாகப் பார்த்துவிட்டிருந்தேன்.

"இல்லக்கா."

"ஹௌதா" என்றார்.

குளியலறையில் ஒரு வாளி மட்டும் மிச்சமிருந்தது. அதில் தண்ணீர் பிடித்து, சுவர் மாடத்தில் கிடந்த சோப்புத் துண்டைப் போட்டுச் சட்டையை நிதானமாகத் துவைத்தார். காலரைக் கையாலேயே கசக்கினார். இரண்டு முறை அலசி, பிழிந்து, உதறி, வெறுமையாக இருந்த கூடத்தின் ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டார். பிறகு சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

லாரிக்காரர் மேலே வந்தார். "எல்லாம் ஏத்தியாச்சு மேடம். இப்ப கெளம்புனாதான் சரி, இல்லன்னா டிராஃபிக்ல மாட்டிக்குவோம்."

"சட்டை காயட்டும்" என்றார்.

லாரிக்காரர் ஜன்னலில் தொங்கிய ஒற்றைச் சட்டையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் மேகம் மூடிக்கிடந்த வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கீழே போய் எஞ்சினை அணைத்துவிட்டார்.

சட்டையின் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.